கோயில் கணக்கில் ஒரு பக்கம்

சுங்கை சிப்புட் வட்டாரத்து ஆலய நிர்வாகக் குழுக்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், குறிப்பாகப் பொருளாளர்களுக்கும்,



இந்த வட்டாரத்துத் தோட்ட லயத்தில் பிறந்து, அரசாங்க மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் பாதிப் பேருக்கு ‘மிஸ்ஸி அக்கா’ என்றால்தான் என்னைத் தெரியும். திருவிழாவில் பந்தலோரம் முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவள். புற்றுநோயும் ரத்த நோயும் வந்த பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மடல். அரசியல்வாதிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஊரில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் சேர்கிற இடம் கோயில்தான். மண்டபம், வேன், உண்டியல், வருடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று கணக்குக் காட்டும் பழக்கம் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. இன்னொரு புதுச் சங்கம் தொடங்கி, அதற்கு ஒரு தலைவரைத் தேடி, அந்தத் தலைவருக்கும் செயலாளருக்கும் சண்டை மூண்டு, கடைசியில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

பிள்ளைக்குப் புற்றுநோய் என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, “மருந்துக்கு எவ்வளவு ஆகும்?” என்றுதான். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்த நாட்டு அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மருந்துச் செலவு பெரிய பாரமாக வருவதில்லை. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளுக்கு 3 வெள்ளி என்கிற அளவில்தான் கட்டணம். கட்ட முடியாதவர்களுக்கு அதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள மருந்து அந்த 5 வெள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. இதை முதலில் சொல்லக் காரணம், நாம் திரட்டுகிற பணம் பல நேரங்களில் தேவை இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. தேவை உள்ள இடத்தில் ஒருவரும் இருப்பதில்லை.

தேவை இருப்பது வழிப்பயணத்தில். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி நமக்கு அரை மணி நேரம்தான். ஆனால் குழந்தைப் புற்றுநோய்க்கான சிகிச்சையின் கடினமான பகுதி பல பிள்ளைகளுக்குப் பினாங்கு பொது மருத்துவமனையிலோ, கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையிலோ, பல்கலைக்கழக மருத்துவமனையிலோதான் நடக்கிறது. பிள்ளையை வார்டில் சேர்த்தால் அம்மா கூடவே இருந்தாக வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மா முதல் மாதம் விடுப்பு எடுக்கிறாள், இரண்டாம் மாதம் சம்பளமில்லா விடுப்பு, மூன்றாம் மாதம் வேலையே இல்லை. அப்பா லாரி ஓட்டுபவராகவோ பாதுகாவலராகவோ இருந்தால் ஓவர்டைம் போய்விடுகிறது. அந்த வீட்டில் ஓவர்டைம்தான் அரிசிக் காசு. மூத்த பிள்ளையைப் பாட்டி வீட்டில் விடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் படிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்க ஆள் இல்லை. டோல், பெட்ரோல், வார்டுக்கு வெளியே அம்மா சாப்பிடும் ஒரு வேளைச் சோறு, பிள்ளை வாந்தி எடுத்ததும் மாற்ற வேண்டிய துணி, டயப்பர். இவை எந்த ரசீதிலும் சேராது.

இது எவ்வளவு காலம் இழுக்கும் தெரியுமா? பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரத்தப் புற்றுநோய். அதில் அதிகம் பார்க்கிற வகைக்குச் சிகிச்சை இரண்டு வருடத்துக்கும் மேலே போகும். முதல் மாதத்திலேயே ரத்தச் சோதனை சுத்தமாக வந்துவிடும். முகம் தெளிந்து, பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிடும். குடும்பம் தடுமாறுகிற இடம் இதுதான். “சாமி கண் திறந்துவிட்டார், குணமாகிவிட்டது” என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். யாராவது ஒருவர் நாட்டு மருந்துப் பொட்டலத்தோடு வருவார். எலும்பு மஜ்ஜைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் நோய் அணுக்களை ஒழிக்கத்தான் மீதி இரண்டு வருடமும். நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும். திரும்பி வந்ததைக் குணப்படுத்துவது முதல் தடவையைவிடப் பல மடங்கு கடினம்.

நம்பிக்கை தருகிற விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. இந்த வகை ரத்தப் புற்றுநோய் உள்ள 556 பிள்ளைகளுக்கு, முதல் சில வாரங்களில் நோய் அணு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து பார்த்து, அதற்கேற்ப மருந்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். ஆறு வருடக் கணக்கில் ஐந்தில் நான்கு பிள்ளைகளுக்கு நோய் திரும்பவில்லை. பணக்கார நாடுகளின் கணக்கும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வருடத்தில் சுமார் 4,00,000 பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருவதாகச் சொல்கிறது. ஏழை நாடுகளில் பிழைப்பவர்கள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும், மருந்து கிடைக்காததும், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் அங்கே பிள்ளைகளைக் கொல்கின்றன. நம் நாட்டில் மருந்துக்குப் பஞ்சமில்லை. பாதியில் விடாமல் பார்த்துக்கொள்வதில் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு உண்டு.

தாமான் வீடு ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். வரவேற்பறைச் சுவரில் மாதக் காலண்டர். நல்ல நேரம், ராகு காலம், சஷ்டி, கிருத்திகை எல்லாம் அச்சடித்தது, ஏதோ ஒரு மளிகைக்கடை கொடுத்தது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் பச்சைப் பேனாவில் ஒரு முழு வட்டம், அடுத்த நாள் அரை வட்டம், மறுபடி முழு வட்டம். மெர்காப்டோபியூரின் மாத்திரை ஒரு நாள் ஒன்று, மறுநாள் பாதி. வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் மட்டும் சிவப்பில் சின்னச் சின்னக் கோடுகள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறைதான், எத்தனை கோடோ அத்தனை மாத்திரை. கொடுத்து முடித்ததும் வட்டத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடு. அந்த அம்மா ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவள். நான் வேலை பார்த்த எந்த வார்டிலும் இதைவிடச் சுத்தமான மருந்துப் பதிவேடு இருந்ததில்லை. மாத்திரையைப் பாதியாக வெட்டும் கத்தியைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். இப்படிப்பட்டவளுக்கு நாம் அறிவுரை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு அந்த மாதம் தேவைப்பட்டது கிளினிக்குக்குப் போய்வர ஒரு கார்.

அந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு இருப்பது பலருக்குத் தெரியாது. பீமாவரத்தில் பிறந்து, சென்னை திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். காந்தி சொன்னார் என்று அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனதால், முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழ்ப்பட்ட சான்றிதழோடு வெளியே வந்த மனிதர். அமெரிக்காவுக்குப் போய் லெடர்லி மருந்து ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்தபோது, அதற்கு எதிராக வேலை செய்யும் பொருள்களும் அவருடைய குழுவிடம் உருவாயின. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் 16 பேருக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. அதுவரை அந்த நோய்க்கு மருத்துவர்களிடம் ஒன்றுமே இருந்ததில்லை. அந்தக் கட்டுரை வெளியான நாள் 1948 ஜூன் 3. அதே மாதம் 16-ஆம் தேதிதான் நம்மூர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு, நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. உலகம் சுங்கை சிப்புட்டின் பெயரை முதலில் கேட்டது அதற்காகத்தான். சுப்பாராவ் அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பிதான் இன்றைய மெத்தோட்ரெக்சேட். கூடவே போடுகிற வின்கிரிஸ்டின் ஊசியின் மூலம், லயத்து வாசலிலும் கோயில் வேலியோரமும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடி. (இதைப் படித்துவிட்டு யாரும் செடியைப் பிடுங்கிக் கஷாயம் காய்ச்ச வேண்டாம். அது விஷம். ஊசி மருந்து ஆலையில் பிரித்தெடுத்து, உடல் அளவுக்கேற்ப அளந்து போடுவது.)

இனி, நீங்கள் செய்யக்கூடியவை. பெரிய காரியம் எதையும் கேட்கப் போவதில்லை.

முதலாவது, கார். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், அது மற்றப் பிள்ளைகளுக்கு வருகிற காய்ச்சல் போன்றதில்லை. பனடோல் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்தால், விடிவதற்குள் ரத்தத்தில் கிருமி பரவிவிடலாம். உடனே மருத்துவமனைக்குப் போய், நரம்பு வழியே கிருமிக்கொல்லி மருந்து ஏற்றியாக வேண்டும். வார்டை விட்டு வீட்டுக்கு அனுப்பும்போது தாதிமார் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புகிறார்கள். சரி, மணி இரவு இரண்டு. அப்பா இரவு வேலையில். வீட்டில் இருப்பது மோட்டார் சைக்கிள் ஒன்று. ஈப்போவில் நள்ளிரவில் கிராப் கிடைக்கும். லிந்தாங் பக்கமோ எல்பில் பக்கமோ கிடைக்குமா? ஆம்புலன்சைக் கூப்பிடலாம்தான். ஆனால் பிள்ளை தன் காலில் நடக்கிறதே, இதற்குப் போய் ஆம்புலன்சா என்று கூச்சப்பட்டே பல தாய்மார்கள் மணிக்கணக்கைக் கடத்திவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவும் அதே கூச்சம். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பட்டியல் இருந்தால் அந்தக் கூச்சம் போய்விடும். கார் உள்ளவர், இரவில் கைப்பேசியை அணைக்காதவர், கேள்வி கேட்காமல் புறப்படுகிறவர். இப்படிப் பத்துப் பெயர் போதும்.

இரண்டாவது விஷயத்தைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. அம்மை. நம் வீடுகளில் அம்மை போட்டால் நிலையில் வேப்பிலை சொருகி, தாளிக்காமல் சமைத்து, வெளியே சொல்லாமல் இருப்போம். ஆத்தா வந்திருக்கிறாள் என்று மரியாதை. அந்த மரியாதையில் நான் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவும் அப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டார். ஆனால் வெளியே சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. நீர்க்கொப்புளம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளும். அதே வகுப்பில் கீமோ சிகிச்சையில் இருக்கும் பிள்ளை உட்கார்ந்திருந்தால், மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் அம்மை அந்தப் பிள்ளைக்கு நுரையீரலுக்கும் ஈரலுக்கும் இறங்கலாம். அன்றைக்கே அம்மாவுக்குத் தகவல் போனால், எதிர்ப்பு மருந்தும் ஊசியும் கொடுத்துக் காப்பாற்ற முடியும். பூசாரி ஐயா ஒருவர், ஆடி மாதக் கூழ் வார்ப்பில் மைக்கைப் பிடித்து, “வீட்டில் ஆத்தா வந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்றால் நூறு வீடு கேட்கும். நான் சொன்னால் பத்து வீடு கேட்கும். சுகாதார இலாகாவின் துண்டுப் பிரசுரம் சொன்னால் ஒரு வீடு.

கோயிலுக்கு வரும் இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றியும் ஒன்று. கூட்ட நாளில் அழைக்காதீர்கள். கூட்டம் இல்லாத நாள் காலையில் வரச் சொல்லுங்கள். பஞ்சாமிர்தம், தீர்த்தம், வெட்டி வைத்த பழம் எல்லாம் ரத்த அளவு சரியாக இருக்கும்போதுதான். அதை அம்மா சொல்வாள், வற்புறுத்த வேண்டாம். திருநீறு பூசலாம், தடையில்லை. முடி கொட்டியதைப் பற்றி யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். தைப்பூசம் முடிந்த வாரத்தில் தமிழ்ப்பள்ளி வகுப்பில் பாருங்கள், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் நாலைந்து இருக்கும். அந்த ஒரு வாரம் கீமோ பிள்ளையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்தது ரத்தம். கீமோ மருந்து நோய் அணுவோடு சேர்த்து நல்ல ரத்தம் ஊறுவதையும் கொஞ்ச காலம் நிறுத்திவிடும். அப்போது சிவப்பணுவும் தட்டணுவும் ஏற்ற வேண்டியிருக்கும். சிவப்பணுவைக் குளிர்ப்பெட்டியில் ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம். தட்டணுவுக்கு ஆயுள் ஐந்து நாள்தான். தீபாவளிக்கு முந்தின வாரமும், நோன்பு மாதமும், சீனப் பெருநாள் விடுமுறையும் ரத்த வங்கிக்கு வறட்சிக் காலம். வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் திருவிழா அன்றைக்கே ரத்ததான முகாம் நடத்தி, முன்னூறு பேரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுவதைவிட, ஈப்போ ரத்த வங்கியிடம் எந்த மாதம் தட்டுப்பாடு என்று கேட்டு, அந்த மாதத்தில் நாற்பது பேரை அனுப்புவது மேல். 18 வயதிலிருந்து 60 வயதுக்குள், எடை 45 கிலோவுக்கு மேல் என்றால் கொடுக்கலாம். 17 வயதுப் பிள்ளை பெற்றோர் கையெழுத்தோடு கொடுக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம். வட்டாரத்துக் கோயில்கள் மாதங்களைப் பிரித்துக்கொண்டால் எல்லாம் முறையாக நடக்கும். யார் பெரிய கோயில், யார் சின்னக் கோயில் என்ற பேச்சு மட்டும் இதில் வேண்டாம்.

ரத்தம் என்றதும் தலசீமியாவையும் சொல்ல வேண்டும். மலாய்க்காரர், சீனர், சபா பூர்வகுடியினர் இடையே இது அதிகம் என்பதால் நம்மவர்கள் ‘அது அவர்கள் நோய்’ என்று நினைக்கிறார்கள். நம்மிடமும் உண்டு. கடுமையான வகை வந்த பிள்ளைக்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்புச்சத்து இதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடாமல் இருக்கத் தினமும் மருந்து. அம்மா, அப்பா இருவருமே அந்தக் கூறைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவருக்கு நோய் எதுவும் தெரியாது. கொஞ்சம் சோகையாக இருப்பார், அவ்வளவுதான். அரசாங்கம் 2016-இல் நான்காம் படிவ மாணவர்களுக்கு இலவசமாகச் சோதனை செய்யத் தொடங்கியது. “பெண்பிள்ளைக்கு எதற்கு, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது பிரச்சினை வரும்” என்று அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடாத பெற்றோரை நான் அறிவேன். கல்யாணம் நடப்பது உங்கள் மண்டபத்தில். மண்டபம் பதிவு செய்ய வரும் ஜோடியிடம், பத்துப் பொருத்தம் பார்த்த கையோடு அரசாங்க கிளினிக்கில் இந்தச் சோதனையையும் செய்துகொண்டீர்களா என்று செயலாளர் கேட்கலாம். கட்டாயப்படுத்த வேண்டாம். கேட்டாலே போதும்.

இனி, எனக்குக் கோபம் வரும் இடம். ஒரு முறை, ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம், சிகிச்சையில் இருந்த ஒரு சிறுவனுக்கு உதவி நிதி வழங்கியது. கதவு அகலத்துக்கு மாதிரிக் காசோலை. பிரமுகர் வருவதற்குத் தாமதமானது. குளிரூட்டி கெட்டுப்போன மண்டபத்தில், இருமும் கூட்டத்துக்கு நடுவே, முகமூடி போட்ட பையன் உட்கார்ந்திருந்தான். பிரமுகர் வந்ததும் படத்தில் முகம் தெரியவில்லை என்று அந்த முகமூடியையும் கழற்றச் சொன்னார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. காசு வாங்குகிற கைக்கு வாய் ஏது? அந்த நிதி அந்தக் குடும்பத்துக்கு உதவியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் இன்றும் முகநூலில் கிடக்கிறது. பையன் வளர்ந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். வகுப்புத் தோழர்கள் அதைத் தேடி எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஃபார்பரின் கட்டுரை வந்த அதே 1948-இல் பாஸ்டனில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஃபார்பரின் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க, மே மாதம் ஒரு சிறுவனின் மருத்துவமனைக் கட்டிலருகே வானொலி நிகழ்ச்சி நடந்தது. அவனுக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரர்கள் நேரில் வந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் சில்லறைக் காசாகக் கொட்டியது; இன்றுவரை அந்த நிதி நடக்கிறது. அந்தச் சிறுவனை உலகத்துக்கு ‘ஜிம்மி’ என்றுதான் தெரியும். அது அவனுடைய பெயரே இல்லை. அவன் பிழைத்து, வளர்ந்து, பிள்ளை குட்டி பெற்று, 1998-இல் வெளியே வரும்வரை, ஐம்பது வருடம் அவனுடைய உண்மைப் பெயரை மறைத்தே வைத்திருந்தார்கள். நம்மால் ஒரு மாதம் மறைக்க முடியவில்லை. உங்கள் கோயில் கொடுக்கும் உதவிக்குப் படம் வேண்டும் என்றால் பொருளாளரைப் படம் எடுங்கள். அவருக்கும் ஆசை இருக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் வேண்டுகோள்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். வங்கி எண், குழாய் செருகிய பிள்ளையின் படம், “மூன்று நாளுக்குள் 2,00,000 வெள்ளி” என்ற செய்தி. சில உண்மை, சில பழசு, சில மோசடி. உண்மையாக இருந்தாலும், அந்தச் சிகிச்சை அரசாங்க மருத்துவமனையில் கிடைப்பதாக இருக்கலாம். பயத்தில் தனியாரிடம் போய்ப் பில் ஏறிய பிறகுதான் பல குடும்பங்கள் திரும்பி வருகின்றன. சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கையோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு; அதுவும் பொதுமக்கள் கொடுத்த காசில் எழுந்ததுதான். ஆனால் அங்கே கொடுக்கிற அடிப்படை மருந்துகளைத்தான் பினாங்கிலும் கொடுக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுகூட நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1987-இலேயே கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதல் முறையாகப் பிள்ளை ஒன்றுக்குச் செய்தார்கள். பெரும்பணம் உண்மையாகவே தேவைப்படும் சந்தர்ப்பமும் உண்டு: புதிய வகை மருந்து, அல்லது உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தாமல் வெளியாளிடம் தேடும்போது. உடன்பிறந்தவர் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். வெளியே தேடும்போது பெரும்பாலும் சொந்த இனத்தாரிடம்தான் பொருத்தம் கிடைக்கும். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொடையாளர் பதிவில் நம் இளைஞர்கள் பெயர் கொடுத்தால் அது காசைவிடப் பெரிய கொடை. ஆகவே வேண்டுகோள் வந்தால், காசு அனுப்புமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சிகிச்சை தரும் மருத்துவர் யார், அந்த மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரிக்கு இது தெரியுமா? ஒவ்வொரு பெரிய அரசாங்க மருத்துவமனையிலும் அப்படி ஓர் அதிகாரி உண்டு. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, சமூகநல இலாகாவின் மாதாந்தரப் பணம், 1994-லிருந்து இயங்கும் மக்னா புற்றுநோய் அமைப்பின் உதவி, இவற்றுக்கெல்லாம் மனுப் போடும் வழி அவருக்குத் தெரியும். கோலாலம்பூரில் சிகிச்சைக்குப் போகிற குடும்பம் தங்குவதற்குத் தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பிள்ளைகள் இல்லம் இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் படுத்துக் கிடந்த எத்தனையோ பேருக்கு அது இருப்பதே தெரியாது.

இவற்றுக்கெல்லாம் பிறகும் ஓட்டை விழும் இடத்துக்குத்தான் நம் காசு. இதில் நமக்கு முன்னோடியை வெளியே தேட வேண்டியதில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அப்படித்தான். அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது மரம் வெட்டுகிறவருக்குச் சில நாள் கூலி. கொடுத்தார்கள், அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் குழுவில் இருக்கிறார்கள். இன்றைக்குப் பத்து வெள்ளி ஒரு தட்டு பிரியாணிக்கே இழுபறி. நூறு குடும்பம் மாதம் பத்து வெள்ளி கொடுத்தால் மாதம் 1,000 வெள்ளி. இரண்டு மூன்று குடும்பத்தின் பெட்ரோலும் டோலும் அம்மாவின் சாப்பாடும் அதற்குள் வந்துவிடும். ஒரே நாளில் 20,000 திரட்டிக் கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட, இரண்டரை வருடம் மாதம் தவறாமல் 400 வெள்ளி போவது அந்த வீட்டைத் தாங்கும். திருவிழா உபயத்துக்கு இடம் கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்கள் உங்கள் கோயிலில் உண்டு அல்லவா? அவர்களிடம், ஒரு பிள்ளையின் ஒரு மாதப் பயணத்தை உபயமாக ஏற்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் உபயகாரர் பெயரைப் போடுங்கள், பிள்ளையின் பெயர் வேண்டாம்.

நடைமுறை விஷயங்கள் சில. வீடு வீடாகவோ தெருவிலோ பணம் திரட்டினால் போலீஸ் அனுமதி வேண்டும். 1947-லிருந்து சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற ஆலயம் தன் உறுப்பினர்களிடம் மாதச் சந்தாவாக வாங்குவதே சிக்கலில்லாத வழி. திருப்பணி நிதியோடு இதைக் கலக்காதீர்கள். கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க இதிலிருந்து ‘கைமாற்றாக’ எடுத்தால் திரும்பாது, உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தனிப் பக்கம், இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பெண்ணுடையதாக இருக்கட்டும். பிள்ளை எந்த மதம், எந்தச் சாதி, உங்கள் கோயிலுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டாம். இந்த ஊரில் தேவாலயத்துக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்கும் கம்போங்கில் இருக்கும் மலாய்ப் பிள்ளைக்கும் வருவது அதே நோய்தான்.

கார் பட்டியல் தயாரிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கைப்பேசி எண், கார் எண், எந்தத் தாமான் என்று எழுதுங்கள். காரில் ஒரு சுத்தமான துண்டும், வாந்திக்குப் பிளாஸ்டிக் பையும், பெட்டி பிரிக்காத முகமூடியும் இருக்க வேண்டும். எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அம்மாவிடம் இருக்கும் சிகிச்சைப் புத்தகத்தில் எழுதியிருக்கும். வழியில் வேறு யோசனை சொல்ல வேண்டாம். இரவில் தண்ணி போடும் பழக்கம் உள்ளவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் பட்டியலில் வேண்டாம். யார் யார் என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். பத்துப் பெயர் சேர்ந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பதினோராவது பெயராக என்னுடையதைச் சேர்த்துக்கொள்ளலாம், என் பழைய புரோட்டோன் சாகா இன்னும் ஓடுகிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி
சுங்கை சிப்புட்